இங்கிலீஷ் வசவுக்குள் என்ன இருக்கு?

கல்லூரி முடித்த கையோடு தொடங்கிச் சில வருஷங்கள், என் இரண்டு கண்ணையும் குருடாக்கிவிடும்படி நான் கடவுளிடம் தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டால் வேண்டினேன். டீயில் ஈ விழுந்தால் வேண்டினேன். சைக்கிள் செயின் கழன்றால் கொஞ்சம் சத்தமாகவே வேண்டினேன். கடவுள் காதில் அது விழவில்லை. அல்லது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இங்கிலீஷில் வேண்டுகிறவனை அவர் ஒரு ஆளாக மதிக்கவில்லை. எப்படியோ, கண்ணாடி போட்டாவது இதை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். எனக்கு ‘பிளைமி’ என்று சொல்கிற வியாதி பிடித்திருந்தது. பெரம்பலூர் கிளை நூலகத்தில், யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் நாவல்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. அவற்றைத் தொடுகிறவர்கள் இருவர்தான். நானும் கரையானும். கதையில் யாருக்கு யார் என்ன உறவு என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடாது. கோபம் வருகிற இடம் மட்டும் பளிச்சென்று தெரியும், பின்னால் ஆச்சரியக்குறி நிற்கும். டிராட்! காஷ்! கன்ஃபவுண்ட் இட்! மீசைவைத்த கர்னல்களும் கைத்தடிவைத்த பிரபுக்களும் சலித்துக்கொள்ளும்போது சொல்கிற சொற்கள். சின்னச் சின்னதாக, வாயில் போட்டுக்கொள்ள வசதியாக இருந்தன. நானும் போட்டுக்கொண்டேன்.

சில புத்தகங்களில் கோபம் வருகிற இடத்தில் ‘டி’ என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீளக் கோடும் மட்டும் இருக்கும். அச்சாபீசில் எழுத்து தீர்ந்துபோயிற்று போலும் என்று இரக்கப்பட்டு, நானே பென்சிலால் ‘டாடி’ என்று பூர்த்தி செய்திருக்கிறேன். குதிரையிலிருந்து விழுந்த கர்னல் ‘அப்பா!’ என்று கத்துவதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நம் ஊரில் ‘அம்மா!’ என்போம், அவர்கள் ஊரில் அப்பா, அவ்வளவுதானே.

இந்தத் தகுதிகளோடு, எழுபதுகளின் கடைசியில், ஒரு சைக்கிள் கடை மாடியில் ‘ஆங்கிலம் சரளமாகப் பேசலாம்’ என்று போர்டு மாட்டினேன். பேச வந்தவர்கள் சிலர். அவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. உண்மையான மாணவர் என்று சொல்லத் தகுந்தவர் ஒருவர்தான். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை வாத்தியாரே என்பார். நாற்காலியில் உட்காருமுன் கைக்குட்டையால் தட்டுவார். அதற்காக என் நாற்காலி அழுக்கு என்று அர்த்தமில்லை. எதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் நம்புவார்.

பாய், மாமனாரின் இரும்புக் கடையில் இருந்தார். ‘வேலை பார்த்தார்’ என்று சொல்ல மாமனார் விடமாட்டார். “நம்ம வூட்டுப் புள்ள, கூடமாட இருக்காரு” என்பாராம். அப்படிக் கூடமாட இருந்தே பாய்க்கு முன்நெற்றி ஏறிவிட்டது. அவருடைய மச்சான் ஒருவர் வளைகுடாவில் இருந்தார். அங்கே ஒரு கட்டடக் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர் தேவை, இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும், ஆள் எடுக்க ஒரு வெள்ளைக்காரர் மெட்ராஸ் வருகிறார் என்று சொல்லியனுப்பியிருந்தார். இது தவறினால் அடுத்த வாய்ப்பு மச்சானுடைய சொந்தத் தம்பிக்கு. அதாவது, இது போனால் பாய் ஆயுசுக்கும் மாமனார் கடையில் கூடமாட இருக்க வேண்டியதுதான்.

“எனக்கு இங்கிலீஷ் எல்லாம் வேணாம் வாத்தியாரே. கோவத்தை மட்டும் சொல்லிக் குடுங்க” என்றார் முதல் நாளே.

“கோவத்தையா?”

“மச்சான்தான் சொன்னாரு. வெள்ளக்காரன் சந்தோஷமா இருக்கறப்ப என்ன பேசினாலும் சிரிச்சுக்கிட்டே நின்னுடலாமாம். கோவத்துல பேசறப்பவும் சிரிச்சுக்கிட்டே நின்னாத்தான் வேலை போவுதாம். மச்சான் கூட்டாளி ஒருத்தரு அப்படித்தான் ஊரு திரும்புனாரு.”

எனக்குப் புல்லரித்துப் போயிற்று. ஒரு அலமாரி நிறைய நான் படித்துவைத்திருந்த ஒரே பாடத்தைத் தேடி ஒரு மனிதர் பஸ் ஏறி வந்திருக்கிறார்! புரிந்துகொண்டால் மட்டும் போதுமா என்று நான் ஒரு படி மேலே போனேன். “பாய், அவன் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு சொல்லணும். பேனா கீழ விழுந்தா ‘டிராட்’டுன்னு ஒரு போடு போடுங்க. இவன் நம்ம ஆளுன்னு அவனே எழுந்து கை குடுப்பான்.”

பாய் அந்தச் சொல்லை வாயில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பவர்போல யோசித்தார்.

“அர்த்தம்?”

“ச்சே-ன்னு அர்த்தம்.”

“அது தெரியுது. உள்ள என்ன இருக்கு?”

“உள்ளயா?”

“டீக்கடையில பிஸ்கட் எடுத்தாக்கூட எந்தக் கொழுப்புல செஞ்சதுன்னு கேட்டுத்தான் கடிப்பேன் வாத்தியாரே. தெரியாத கறியத் திங்க மாட்டோம். இது வாய்க்குள்ள பூந்து வெளிய வேற வரணும். என்ன கலந்திருக்குன்னு சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்.”

என்னிடம் இருந்த சட்டைப்பை அகராதி எல்லாச் சொல்லுக்கும் ‘சலிப்பைக் காட்டும் ஒலி’ என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. அதுவரை எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. தோன்றிய பிறகோ அது விடவில்லை. ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு ‘டிராட், டிராட்’ என்று முணுமுணுத்தேன். அம்மா ரசத்தில் உப்பு இல்லையோ என்று உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தார்.

அரியலூரில் ஒரு வக்கீல் இருந்தார். என் சித்தப்பாவின் வரப்பு வழக்கை நடத்தியவர். அவருடைய கண்ணாடி பீரோவில் தலையணை பருமனுக்கு ஒரு இங்கிலீஷ் அகராதி உண்டு. ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது, யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் வழியாக வந்தது என்று அது சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பாயும் அரியலூருக்கு பஸ் ஏறினோம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே போனதில், இறங்கும்போது இருவரும் மாவில் புரட்டிய வடைபோல இருந்தோம். பாய் கைக்குட்டையால் முதலில் என்னைத் தட்டினார்.

வக்கீல் உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருக்க, பெஞ்சில் காத்திருந்தோம். பக்கத்தில் செந்துறையிலிருந்து வந்த ஒரு பெரியவர், மடியில் மஞ்சள் பையோடு.

“தம்பிக்கு என்ன கேஸு? வரப்பா, பங்காளியா?”

“வார்த்தைங்க.”

“அட. வார்த்தை தடிச்சுப் போச்சா. மொதல்ல திட்டுனது யாரு?”

“இங்கிலீஷ்காரன்.”

பெரியவர் என்னையும் பாயையும் ஏற இறங்கப் பார்த்தார். “அவன்தான் போயிட்டானேப்பா. இன்னுமா கேஸு நடக்குது?”

வக்கீல் விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “திட்டுக்கு மூலப் பத்திரம் பாக்க வந்த மொத கட்சிக்காரன் நீதான் தம்பி” என்றார். ஆனால் பீரோவைத் திறந்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கும் வரப்பு வழக்குகள் அலுத்துப்போயிருக்க வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது என்று என்னை எச்சரித்துவிட்டு, தானே எச்சில் தொட்டுப் புரட்டினார்.

முதலில் டிராட். தீர்ப்பு வாசிக்கிற குரலில் படித்து, தமிழில் சொன்னார். “இது தனி வார்த்தை இல்ல. ‘கடவுள் உன்னை அழுகிப்போக வைக்கட்டும்’கிறதுதான் மூலம். கடவுள்ங்கிற பேர்ல தலையை வெட்டிட்டாங்க. வாலும் அழுகலும் ஒட்டிக்கிட்டு மிச்சம்.”

“எங்கூர்ல ‘புழுத்துப் போவ’ம்பாங்க” என்றார் செந்துறைப் பெரியவர். தன் வழக்கை மறந்து பெஞ்சை அறை வாசல்வரை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பாய் தலையை ஆட்டினார். “வேணாம். அடுத்தது.”

அடுத்து ‘காஷ்’, ‘காலி’. இரண்டும் கடவுள் பெயரை வேண்டுமென்றே கோணலாகச் சொன்னது என்றது அகராதி. “அல்லா பேரைக் கோணலாச் சொல்றதா? தவ்பா, தவ்பா” என்று பாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜவுண்ட்ஸ் என்று ஒன்று, பழைய காலத்து நாடகக்காரர்கள் சொல்வது. அது சிலுவையில் பட்ட கடவுளின் காயங்கள். “ஒருத்தரு பட்ட காயத்தை வெச்சா கோவப்படுவாங்க?” என்றார் பாய். ‘பை ஜோவ்’வில் ரோமாபுரியின் பழைய சாமி ஒன்று உட்கார்ந்திருந்தது. “அது சிலை. வேணாம்.” ‘ட்யூஸ்’ என்பதில் தாயக்கட்டையில் விழுகிற ஆகக் குறைந்த எண் இருக்கிறதாம், தோற்றவன் கத்தியது. “சூதாட்டம். ஹராம்.”

நான் பயந்துகொண்டே பிளைமியைக் கேட்டேன். வக்கீல் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி படித்தார். “‘கடவுளே என்னைக் குருடாக்கு.’ இதை நீ எத்தனை நாளா சொல்றே?”

“எப்பவாச்சும்ங்க.”

“பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வர்றதுக்குள்ளேயே நாலு தடவை சொன்னாருங்க” என்றார் பாய்.

அந்த ‘டி’யும் கோடும் கூட அன்றுதான் துலங்கியது. நரகத்துக்குப் போ என்கிற சொல்லை முழுசாக அச்சடிக்கக் கூச்சப்பட்டு முதலெழுத்தோடு கோடு போட்டார்களாம். அப்புறம் அந்தக் கோட்டையே வாயால் சொல்லத் தொடங்கி, ‘டாஷ் இட்’ என்பதும் ஒரு வசவாகிவிட்டதாம். நான் ‘டாடி’ என்று எழுதிவைத்த இடங்களை நினைத்துப் பார்த்தேன். நூலகத்தில் இன்னும் எத்தனை கர்னல்கள் பெற்ற தகப்பனை நரகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்களோ.

ஃபிடில்ஸ்டிக்ஸ் என்பது வெறும் பிடில் வில்தான், எந்தச் சாமியும் இல்லை என்று நான் வாதாடினேன். “எங்க மாமனாரு ரேடியோ பெட்டியே வூட்டுக்குள்ள விடமாட்டாரு. பிடிலா?” என்று பாய் அதையும் தள்ளினார். கடைசியாக ‘பாஷ்’. வக்கீல் நிமிர்ந்தார். “இது துருக்கி வார்த்தை பாய்!”

பாய் முகம் விரிந்தது. “துருக்கியா? நம்ம ஆளுங்க! அர்த்தம் என்னங்க?”

“வெறும். ஒண்ணுமில்லாதது.”

விரிந்த முகம் மெல்லச் சுருங்கியது. “வேலை கேக்கப் போற எடத்துல மொகத்துக்கு நேரா ‘ஒண்ணுமில்ல’ன்னா குடுப்பானுங்களா வாத்தியாரே?”

அதுவும் போயிற்று. ஒரு கூடை நிறைய நான் கொண்டுபோன சரக்கில் பாய் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. செந்துறைப் பெரியவர் மட்டும் ட்யூஸை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

திரும்பும்போது எனக்கு ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. கன்ஃபவுண்ட் இட் என்பதற்கு ‘கடவுள் இதை நாசமாக்கட்டும்’ என்று மூலம் சொன்னது அகராதி. கோபம் வந்தால் நாசமாகப் போ என்று சொல்ல வேண்டியதுதானே. அதற்கு எதற்குத் தலையை வெட்டி, வாலை முறுக்கி, மாறுவேஷம் போட்டு அனுப்பினார்கள்? பயம் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தைரியம் என்றால் முழுசாகச் சொல்லலாம். இதென்ன இரண்டுக்கும் நடுவில்?

மறுநாள் காலை அம்மா வாசலில் காயப்போட்டிருந்த சோளத்தை ஒரு வெள்ளாடு மேய்ந்தது. அம்மா துடைப்பத்தோடு ஓடினார். “ஏய், நாசமத்துப் போவ! ஒன் வாயில மண்ணு விழாம இருக்க!”

பிறந்ததிலிருந்து கேட்கிற வசவு. அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. நாசமற்று. நாசம் இல்லாமல் போ. மண் விழாமல் இரு. அந்த ஆட்டை அம்மா துரத்தித் துரத்தி ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, நாசமாப் போன்னு நேராச் சொன்னா என்ன?”

“வாயக் கழுவு. மேல எந்நேரமும் ஒரு தேவதை போய்க்கிட்டிருக்குமாம். நாம எதைச் சொன்னாலும் அப்படியே ஆவட்டும்னுடுமாம். ஆடு செத்துத் தொலைச்சா எதுத்த வூட்டுக்காரிக்கு யாரு பதில் சொல்றது, நீயா?”

“அப்ப திட்டாமயே இருக்கலாம்ல?”

“திட்டாட்டி அது போவுமா?” என்று சொல்லிவிட்டு அம்மா சோளத்தைக் கூட்டப் போய்விட்டார்.

இங்கிலாந்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் இருந்த கடல் வற்றியதுபோல இருந்தது எனக்கு. எங்கோ ஒரு மழைநாட்டில், அடுப்பில் ரொட்டி கருகிய ஒரு பெண் கடவுள் பெயரை நாக்கு நுனிவரை கொண்டுவந்து, மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசி நொடியில் திருகி வெளியே விட்டிருப்பாள். அந்தத் திருகலைத்தான் கர்னல்கள் பொறுக்கிக்கொண்டார்கள். கர்னல்களிடமிருந்து நான்.

அடுத்த வகுப்பில் பாயிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா ‘நல்லாயிருடா நீ, நல்லாயிரு!’ன்னு கத்தும். தெருமுனை வரைக்கும் கேக்கும். அதைக் கேட்டுட்டு எங்க அத்தா ஓடி வந்து, ‘யாரை இப்ப கொல்றே?’ம்பாரு.” அன்று முழுக்க பாடமே நடக்கவில்லை. இருட்டினால் பாம்பைப் பூச்சி என்பது, போகிறேன் என்று சொல்லாமல் போயிட்டு வரேன் என்பது, அரிசி தீர்ந்துவிட்டால் நிறைந்திருக்கிறது என்பது என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். இவ்வளவு காலமும் நான் இங்கிலீஷ் பேசியதாக நினைத்துக்கொண்டு எதையோ பேசியிருக்கிறேன், தமிழ் பேசியதாக நினைத்துக்கொண்டு எதையுமே கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மாடிப்படி இறங்கும்போதுதான் பாய் நின்றார். “வர்ற வாரம் மெட்ராஸு. வாயில ஒண்ணுமே இல்லாம போறேனே வாத்தியாரே. மாமனாரு வேற, இங்கிலீஷு படிச்சுக் கிழிச்சது போதும், நாளைலேர்ந்து கடையத் தொறக்கற வேலையும் நீயே பாத்துக்கன்னு சாவியக் குடுத்துட்டாரு.”

சாவியை எடுத்துக் காட்டினார். உள்ளங்கையைவிடச் சாவி பெரிதாக இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. “பின்ன? நான் சொன்ன எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்து வேணாம் வேணாம்னா? நெல்லை உமி நீக்கிச் சோறாக்கலாம் பாய், வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே போனா கையில என்ன மிஞ்சும்? ரெண்டே ரெண்டு வார்த்தை, கண்ண மூடிக்கிட்டு சொல்லிட்டு வேலைய வாங்கிட்டு வாங்க. அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கலாம்.”

“கண்ண மூடிக்கிட்டு சொல்றது ஒங்க பழக்கம்” என்றார் பாய், குத்தலாகக்கூட அல்ல, சும்மா ஒரு தகவல்போல. பஸ் வந்துவிட்டது. “துவா செய்ங்க. போயிட்டு வரேன்.”

அந்த வாரம் முழுக்க எனக்குப் பாடம் ஓடவில்லை. பேனா கீழே விழுந்தால் பாய் என்ன செய்வார்? பேசாமல் குனிந்து எடுப்பார். ஊமை என்று நினைத்துவிட மாட்டானா அந்த வெள்ளைக்காரன்? பாய் வருகிற அன்று பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மெட்ராஸ் பஸ் தாமதம். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

பாய் இறங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சட்டையைத் தட்டினார். பையைத் தட்டினார். அப்புறம் நிதானமாக, “அடுத்த மாசம் பொறப்படச் சொல்லிட்டாரு, அல்லா கிருபை” என்றார்.

நான் கட்டிக்கொண்டேன். பஸ் புழுதியெல்லாம் என் சட்டைக்கு வந்தது. டீக்கடைக்கு இழுத்துப்போய், “மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்றேன்.

“லாட்ஜு ரூமு. நான் உள்ள போறப்பவே ஃபேன் நின்னு போச்சு. மனுஷன் செவந்துட்டாரு. அந்த ‘டி’யும் கோடும் வருமே, அதைக் கோடே போடாம முழுசாச் சொன்னாரு. ஃபேனைத்தான் சொல்றாரு, நம்மள இல்லன்னு புரிஞ்சுது. சிரிக்காம நின்னேன்.”

“பாத்தீங்களா! படிச்சது வீணாப் போவல. அப்புறம்?”

“ஒரு கேள்வி கேட்டாரு. லாரி நாலு மணிநேரம் லேட்டா வருது. சிமெண்டு மூட்டை பாதி கிழிஞ்சிருக்கு. டிரைவர் ஒன்னைப் பாத்துக் கத்தறான், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கறான். நீ அவன்கிட்ட என்ன சொல்லுவேன்னாரு.”

நான் டீயைக் கீழே வைத்தேன். கர்னல்களுக்குக்கூட இப்படி ஒரு சந்தர்ப்பம் அமைந்ததில்லை. “என்ன சொன்னீங்க?”

“‘ஐ வில் நாட் சைன், சார்’னேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். எழுதிக்கிட்டாரு. பாஸ்போர்ட்ட கேட்டாரு.”

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் போர்டு மாட்டிய மனசு ஒன்று இருக்கிறதே, அது கேட்கவில்லை. “அது சரி பாய். லாரி லேட்டு, மூட்டை கிழிஞ்சிருக்கு, போதாக்குறைக்கு அவன் கத்தறான். ஒரு பேச்சுக்கு, சுத்தமான வார்த்தையா, ஒண்ணே ஒண்ணாவது மொதல்ல சொல்லிட்டு அப்புறம் சைன் பண்ண மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?”

பாய் பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு டீயில் தோய்த்தார்.

“கோவம் வரல வாத்தியாரே.”